தக்காளிக்கு மூணு நாள், வெங்காயத்துக்கு மூணு மாசம்! – சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு சாஸ் பயணம்

பாஸ்தா இப்போது சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் புதுசு இல்லை. மளிகைக் கடையில் சேமியா பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. காலேஜ் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாதம் இரண்டு தடவையாவது அடுப்பில் ஏறிவிடுகிறது. ஆனால் சாஸ் மட்டும் இன்னும் பாட்டிலில்தான் வருகிறது. பல வீடுகளில் சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்பு கெட்சப்பையே பாஸ்தாவிலும் ஊற்றிக் கிளறிவிடுகிறார்கள்.

அந்த சாஸுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? தக்காளி, வெங்காயம், பூண்டு. அவ்வளவுதான். இதில் தக்காளியும் சின்ன வெங்காயமும் இந்தச் சமவெளியிலேயே விளைகின்றன. பூண்டு வெளியூரிலிருந்து வந்தாலும், அதை மூட்டை மூட்டையாக இறக்கும் மொத்த வியாபாரம் சேலத்தில் நடக்கிறது. ஒரே நாளில் பஸ் பிடித்து மூன்றையும் அதனதன் இடத்தில் பார்த்துவிட்டு வந்தால் என்ன? அப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

தலைவாசல்: காத்திருக்காத பழம்

சேலத்திலிருந்து கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர் தாண்டினால் தலைவாசல். வசிஷ்ட நதிக்கரை ஊர். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரம். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால், இங்குள்ள தினசரி காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்து மாவட்டத்து விவசாயிகளும் சரக்கு கொண்டு வருகிறார்கள்.

விடியும் முன்பே இங்கே வேலை தொடங்கிவிடுகிறது. டெம்போவில் வரும் பிளாஸ்டிக் கிரேடுகள், டூவீலரின் பின்சீட்டில் கட்டிய கூடைகள், தலைச்சுமையாக வரும் மூட்டைகள். வெளிச்சம் வரும்போது பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு.

இந்தச் சிவப்பில் இரண்டு ஜாதி. ஒன்று நாட்டுத் தக்காளி. தட்டையாக, வரிவரியாக, தொட்டால் நசுங்குகிற மாதிரி இருக்கும். சாறும் புளிப்பும் அதிகம். இன்னொன்று ஹைபிரிட். கடைகளில் 'பெங்களூர் தக்காளி' என்பார்கள். தோல் தடிப்பு, சதை கெட்டி, புளிப்பு கொஞ்சம் மட்டு. லாரியில் தூரப் பயணம் போகத் தாங்குவது இதுதான். ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, சாலட்டுக்கு ஹைபிரிட் என்று நம் வீட்டுப் பெண்கள் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இந்தச் சாறும் சதையும்தான்.

இங்கே ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தோம். "வெல எப்படிங்க?" என்றதும் சிரித்துக்கொண்டே, "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுங்க. வெயில் ஏறுனா வெல எறங்கும்" என்றார். அதற்குள் தக்காளியின் மொத்தக் கதையும் இருக்கிறது. பழுத்த தக்காளி வெளியில் மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம். நாட்டுத் தக்காளி என்றால் அதுவும் சந்தேகம். விலை பிடிக்கவில்லை என்று திருப்பி எடுத்துப் போக முடியாது. வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

நாற்று நட்டு முதல் பறிப்பு வர இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலாகும். விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் நடுகிறார்கள். எல்லோருடைய தோட்டமும் ஒரே நேரத்தில் பழுக்கிறது. மார்க்கெட்டில் குவிந்ததும் விலை சரிகிறது. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது என்று தெரிந்தால், செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அல்லது மாட்டுக்குப் போடுகிறார்கள். அடுத்த முறை நட ஆள் இருக்காது. விலை திரும்ப ஏறும்.

2023 ஜூலையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அதே தக்காளி, வேறு மாதங்களில் சாலையோரம் கொட்டிக் கிடக்கிற படமும் செய்தியில் வரும். மத்திய அரசு 2018-19 பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்கும் சேர்த்து 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' என்று ஒரு திட்டம் அறிவித்ததே இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான்.

நாட்டுத் தக்காளி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மடியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

செவ்வாய்ப்பேட்டை: பூண்டு வாசம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழைந்தால், லீ பஜார் எங்கே என்று வழி கேட்கவே வேண்டாம். மூக்கே கூட்டிப்போய்விடும். வெல்லம், மஞ்சள், மிளகாய், பருப்பு என மொத்த வியாபாரம் நடக்கும் பழைய வணிகப் பகுதி இது. பூண்டு வலை மூட்டைகளில் வந்து இறங்குகிறது. இந்தியாவிலேயே அதிகம் பூண்டு விளைவிப்பது மத்தியப் பிரதேசம். நம் சமையலறைக்கு வரும் பூண்டில் பெரும்பகுதி அங்கேயும் ராஜஸ்தானிலும் விளைந்து, லாரியில் இத்தனை தூரம் கடந்து வருவதுதான். தமிழ்நாட்டுப் பூண்டு என்றால் மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனை தூரம் பூண்டால் வர முடிவதற்குக் காரணம், அதற்கு அவசரமே கிடையாது என்பதுதான். நன்றாகக் காய்ந்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது. ஆனால் அதுவும் ஆட்டம் காட்டும். 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, பல வீடுகளில் பூண்டுக் குழம்பே நின்றுபோனது.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை பக்கம் சாயங்காலம் வந்தீர்கள் என்றால், பூண்டின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். சேலத்தின் பெருமையான தட்டுவடை செட்! இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம், அதோடு பச்சைச் சட்னியும் சிவப்புக் காரச் சட்னியும். அந்தச் சிவப்புச் சட்னியில் பூண்டு பச்சையாகவே அரைபடுகிறது. ஒரு வாய் வைத்ததும் 'சுர்'ரென்று மூக்கில் ஏறுகிறதே, அது அதன் வேலைதான்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. முழுப் பூண்டுப் பல்லை மோந்து பாருங்கள், பெரிதாக வாசம் இருக்காது. நறுக்கினால் அல்லது நசுக்கினால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து, அல்லிசின் என்ற காரமான பொருள் உண்டாகிறது. எவ்வளவு நுணுக்குகிறோமோ அவ்வளவு காரம். சூடு பட்டால் அந்தக் காரம் அடங்கி இனிப்பு வரும். ஆனால் வெங்காயத்தைவிடப் பூண்டில் தண்ணீர் குறைவு. சூடான எண்ணெயில் பொடிப்பொடியாக நறுக்கிய பூண்டைப் போட்டால், ஒரு நிமிடத்தில் பொன்னிறம், அடுத்த நிமிடத்தில் கறுப்பு. கறுத்துவிட்டால் கசப்பு. அதன் பிறகு எத்தனை கிலோ தக்காளி கொட்டினாலும் அந்தக் கசப்பு போகாது.

புதுச்சத்திரம் பக்கம்: பட்டறையில் தூங்கும் வெங்காயம்

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல்லுக்கு 50 கிலோமீட்டர். 1997 ஜனவரி 1-ல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் வரை, நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். ஆண்டகளூர் கேட் தாண்டி, புதுச்சத்திரம் வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் செம்மண் காடுகள். கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரிகிறது. கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகளுக்கு நடுவே, பச்சைத் தாளோடு நிற்கிறது சின்ன வெங்காயம்.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன மாவட்டம் பெரம்பலூர். ஆனாலும் நாமக்கல் வெங்காயத்துக்கும் தனி மார்க்கெட் உண்டு. விதை வெங்காயத்தை நட்டால் 70 நாள் சுமாருக்கு அறுவடை. பிடுங்கி, தாளோடு வயலிலேயே காயவிட்டு, பிறகு தாளை அரிந்து தரம் பிரிக்கிறார்கள். குனிந்தபடி இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பெண்கள்தான்.

தோட்டத்து மூலையில் ஒரு நீளமான கூண்டு மாதிரி ஏதோ தெரிந்தது. "அது பட்டறைங்க கண்ணு" என்றார் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா ஒருவர். தரையில் கல் அடுக்கி, அதன் மேல் குச்சிகளைப் பரப்பி, பக்கங்களில் காற்றுப் போகிற மாதிரி தட்டியோ கம்பி வலையோ கட்டி, மேலே கீற்று வேய்ந்திருக்கிறார்கள். அடியிலும் பக்கத்திலும் காற்று ஓட வேண்டும், மழைத்தண்ணி மட்டும் படக் கூடாது. அகலம் அதிகமானால் நடுவில் இருக்கும் வெங்காயம் வெந்து அழுகிவிடும் என்பதால், பட்டறையை எப்போதும் ஒடுக்கமாகத்தான் போடுவார்கள். நன்றாகக் காய்ந்த வெங்காயம் இதில் மூன்று மாதம் போல இருக்கும்.

"வெல வந்தா விப்போம், இல்லாட்டி வெதைக்கு ஆவும்" என்றார் அந்த அம்மா. தலைவாசலில் நாம் கேட்க முடியாத வார்த்தை இது. அங்கே தக்காளிக்காரருக்குக் 'காத்திருக்கிறேன்' என்று சொல்லும் வசதி இல்லை. இங்கே பட்டறை அந்த வசதியைக் கொடுக்கிறது. எப்போதும் அது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்து ஈரம் ஏறினால் மொத்தப் பட்டறையும் அழுகிப்போவதும் உண்டு. ஆனாலும், விலை கேட்டுவிட்டு 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்ல முடிவதே ஒரு விவசாயிக்குப் பெரிய பலம்.

பள்ளிபாளையம்: வெங்காயம் கற்றுத்தரும் பாடம்

சின்ன வெங்காயத்தை எப்படி வதக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, திருச்செங்கோடு வழியாகக் காவிரிக்கரைக்குப் போனோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், அந்தப் பக்கம் ஈரோடு. தமிழ்நாடு முழுக்க ஹோட்டல் மெனுவில் இருக்கும் 'பள்ளிபாளையம் சிக்கன்' இந்த ஊர்ப் பெயரில்தான் வந்தது.

அதன் சரக்கு மிகவும் சொற்பம். எண்ணெய், கைநிறையச் சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், கோழி. மசாலாத் தூள் மூட்டை கிடையாது. தக்காளியும் தேவையில்லை. இவ்வளவு ருசி எங்கிருந்து வருகிறது என்றால், வெங்காயத்திலிருந்துதான். வாணலியில் வெங்காயம் முதலில் தண்ணீர் விடும். பிறகு கண்ணாடி மாதிரி ஆகும். அதன் பிறகு சுருங்கி, ஓரம் சிவந்து, எண்ணெய் பிரியும். அந்தக் கட்டம் வரை கோழி காத்திருக்க வேண்டும்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்ட தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் வற்றும் வரை அது வேகும், சிவக்காது. சிவந்தால்தான் இனிப்பும் மணமும் வரும். நாம் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால், வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சிட்டிகை உப்பு போட்டுத் தீயைக் குறைத்தால், தண்ணீர் சீக்கிரம் வெளியேறி வேலை சுலபமாகும்.

அம்மாயி கையில் பாஸ்தா சாஸ்

மூன்றும் கையில் வந்தாகிவிட்டது. இனி அடுப்பு. நாமக்கல்லில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கல்லூரி படிக்கும் பேத்தி பாஸ்தா கேட்க, சாஸ் வைக்க முன்வந்தவர் அவருடைய அம்மாயி. "தக்காளித் தொக்குதான கண்ணு? கடுகு வேண்டாம், மஞ்சத்தூள் வேண்டாம், அவ்வளவுதான?" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார். பேத்தி, "அம்மாயி, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மிக்ஸில அடிச்சிரலாமே" என்றதற்கு, "அடிச்சா சட்னிதான் வரும், போ" என்று பதில்.

அவர் சொன்னது வேடிக்கை என்றாலும், வரலாறும் அதைத்தான் சொல்கிறது. இத்தாலியில் அச்சான மிகப் பழைய தக்காளி சாஸ் குறிப்பு 1690-களில் நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பவர் எழுதியது. தக்காளியைத் தணலில் சுட்டு, தோல் உரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, உப்பு, எண்ணெய், வினிகர் கலக்கச் சொல்கிறார். பாஸ்தா பற்றிய பேச்சே அதில் இல்லை. நம் ஊர்ச் சுட்ட தக்காளிச் சட்னிதான் அது! தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் இத்தாலிக்கும் வந்தன, நமக்கும் வந்தன. வதக்கிக் கொதிக்கவைத்துப் பாஸ்தாவில் கலப்பதெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம்.

அம்மாயி வைத்த முறை இதுதான். நான்கு பேருக்குப் போதும்.

தேவையானவை: நாட்டுத் தக்காளி 1 கிலோ, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 6 முதல் 8 பல், கடலை எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், வரமிளகாய் 1, உப்பு தேவைக்கு, வெல்லம் ஒரு சிட்டிகை, திருநீற்றுப்பச்சிலை 10 இலை. (கடைகளில் 'பேசில்' என்று விற்பது இந்தத் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சப்ஜா விதை கிடைப்பதும் இந்தச் செடியில்தான். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.)

1. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாக வரும். உரித்துப் பொடியாக நறுக்கவும்.

2. தக்காளியின் அடியில் கத்தியால் கூட்டல் குறி கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கழன்றுவிடும். கையாலேயே பிசைந்துகொள்ளவும்.

3. அடிகனமான ஸ்டீல் பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்கவும். இரும்பு வாணலி வேண்டாம். தக்காளிப் புளிப்பு அதில் நெடுநேரம் கொதித்தால் நிறமும் ருசியும் மாறிவிடும்.

4. வெங்காயம் குழைந்து லேசாகச் சிவந்த பிறகு, நறுக்கிய பூண்டும் கிள்ளிய மிளகாயும் சேர்த்து ஒரு நிமிடம் மட்டும் கிளறவும். வாசம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

5. உடனே தக்காளியை ஊற்றவும். உப்பு, வெல்லம் சேர்த்து, மூடாமல் 30 முதல் 40 நிமிடம் கொதிக்கவிடவும். அளவு பாதியாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் சாஸ் தயார். கடைசியில் இலையைக் கிள்ளிப் போடவும்.

6. வேகவைத்த பாஸ்தாவை வடிக்கும்போது அரை டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்து, சாஸோடு கலந்து கிளறவும். அந்தக் கஞ்சித் தண்ணீர்தான் சாஸைப் பாஸ்தாவில் ஒட்டவைக்கும்.

ஏன் இந்த வரிசை? தக்காளி புளிப்பு. அந்தப் புளிப்பில் வெங்காயத்தின் சுவர் இறுகிவிடும். பாதி வெந்த வெங்காயத்தின் மேல் தக்காளியை ஊற்றிவிட்டால், பிறகு ஒரு மணி நேரம் கொதித்தாலும் அது நறுக்நறுக்கென்றே நிற்கும். அதனால் வெங்காயத்தின் வேலை முதலில் முடிய வேண்டும். பூண்டை வெங்காயத்தோடு சேர்த்துப் போட்டால் 15 நிமிடத்தில் கருகிவிடும். அதனால் அது நடுவில். தக்காளியின் ஈரம் பூண்டு கருகாமல் காப்பாற்றும். அதனால் அது உடனே.

பூண்டே பிடிக்காத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. மார்செல்லா ஹசான் என்ற இத்தாலிய எழுத்தாளர் 1973-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் உலகப் புகழ்பெற்ற ஒரு சாஸ் உண்டு. தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. பூண்டும் இல்லை, வதக்கலும் இல்லை. எல்லாம் சேர்ந்து மெதுவாகக் கொதித்ததும் வெங்காயத்தை எடுத்துவிடுவார்கள். ராசிபுரம் வெண்ணெய் கிடைத்தால் செய்து பாருங்கள்.

விலை இறங்கும் நாளில் இரண்டு கிலோ கூடுதல்

தட்டில் வந்த பாஸ்தாவைப் பேத்தி முதலில் போட்டோ எடுத்தார். அம்மாயி மீதி சாஸைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டார். இருவருக்கும் திருப்தி.

இந்த சாஸை ஆறவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். ஃப்ரீஸரில் என்றால் இரண்டு, மூன்று மாதம். ஒரு எச்சரிக்கை: பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அடுப்படியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். காற்றுப் படாத எண்ணெய்க்குள் விஷக் கிருமி வளர வாய்ப்புண்டு, அதை வாசனையிலோ நிறத்திலோ கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் மிதக்கிற சாஸையும் வெளியில் வைக்க வேண்டாம்.

வெங்காயத்துக்குப் பட்டறை இருக்கிறது. பூண்டுக்கு மூட்டையே போதும். தக்காளிக்குத்தான் ஒதுங்க ஓர் இடம் இல்லை. குளிர்பதனக் கிடங்கும் கூழ் தொழிற்சாலையும் ஒவ்வொரு மார்க்கெட் பக்கத்திலும் வர வேண்டும் என்பது விவசாயிகள் பல வருடமாகக் கேட்பது. அது வரும்போது வரட்டும். அதுவரை ஒவ்வொரு வீட்டு ஃப்ரீஸரும் ஒரு சின்னப் பட்டறைதான்.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று சேலம், நாமக்கல் இரண்டு ஊரிலும் காலையில் நடக்கின்றன. விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்து விற்கும் இடம். அங்கே பலகையில் தக்காளி விலை தரைதட்டிய நாளில், வழக்கமாக வாங்குவதோடு இரண்டு கிலோ சேர்த்து வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். விலை 100-ஐத் தாண்டும் மாதத்தில் உங்கள் வீட்டில் பாஸ்தாவும் இருக்கும், தோசைக்குத் தொக்கும் இருக்கும்.